சத்தமில்லாத வேலை

நோன்பு பத்தாம் நாள் வரைக்கும் அசன் முகம்மது தன்னைப் பற்றி நல்ல விதமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

கண்டரமாணிக்கத்தில் அவன் குடியிருந்தது முழு வீடு அல்ல. ஒரே வீடாக இருந்ததை அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். மேற்குப் பாதி அண்ணன் தங்கச்சாமியுடையது. தம்பிக்காரர் கிழக்குப் பாதியை விற்றுவிட்டுத் திருப்பூர் போனபோது அசன் வாங்கினான். சவூதியில், தமாமில் பதினாறு வருசம் வெல்டராக இருந்து சேர்த்தது அந்தப் பாதி வீட்டோடு சரியாகப் போனது. கம்பெனியில் ஆள் குறைத்தபோது அவனும் ஊர் வந்து சேர்ந்தான். பின்பக்கக் கொல்லையில் தகரம் இறக்கி, ஒரு வெல்டிங் மெஷின் வாங்கி வைத்துத் தொழிலை ஆரம்பித்தான்.

மெஷின் சின்னதுதான். வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போகலாம். விற்ற கடைக்காரர், "வீட்டுக் கரண்ட்லயே ஓடும் பாய், பிளக்கைச் சொருகுனாப் போதும்" என்றார். அசன் அப்படியே செய்தான். கூடத்துப் பிளக்கிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டியை ஜன்னல் வழியாகக் கொல்லைக்கு இழுத்தான். ஒயர் நீளமாக இருந்ததால் மிச்சத்தைச் சுருட்டி ஓர் ஆணியில் மாட்டினான். முதல் நாளே பியூஸ் போனது. பியூஸ் கட்டையைப் பிடுங்கி, ஒற்றை இழை இருந்த இடத்தில் மூன்று இழைகளை முறுக்கிப் போட்டான். பிறகு அது போகவே இல்லை. தமாமில் ஆள் உயர ஜெனரேட்டர் நிற்கும். கேபிள் கைக்கு வரும். கரண்ட் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேறு ஆள் இருந்தான். பற்றவைத்த இடம் நேராக இருக்கிறதா என்பது மட்டும்தான் அசனின் கவலை.

அவன் மனைவி ஹாஜிரா ஒருநாள் கொல்லை வாசலில் வந்து நின்று சொன்னாள். "என்னங்க, நீங்க இங்க பத்தவைக்கையில உள்ள பேனு நின்னு நின்னு சுத்துது. ட்யூப்லைட்டு கண்ணடிக்குது. பாக்குறவுக என்ன நினைப்பாக?"

"அப்படித்தான் இருக்கும். மெஷினு இழுக்கும்ல."

"அப்ப பக்கத்து வீட்லயும் இப்படித்தான இருக்கும்?"

"அவுகளுக்கு மீட்டர் வேற புள்ள" என்றான் அசன், முகமூடியை இறக்கிக்கொண்டே.

பக்கத்து வீட்டில் தங்கச்சாமிக்கு நெஞ்சு சரியில்லாமல் போய் நாலு மாசம் ஆகியிருந்தது. கதிரடிக்கிற தூசியும் பீடியுமாகப் போன வயசு. ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை அவருக்கு மூச்சு அடைத்தபோது, அவர் மனைவி சின்னத்தாயி சுவரைத் தட்டிய சத்தம் கேட்டு ஓடியவன் அசன்தான். ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு, எதிரே வந்த பால் வண்டியை மறித்து, ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோனான். பதினெட்டு நாள் கழித்து அவர் வீட்டுக்கு வரும்போது கூடவே ஓர் ஆக்சிஜன் மெஷினும் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அது நாளெல்லாம் உறுமிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அவர் மூக்குக்குப் போகும். கரண்ட் இல்லாத நேரத்துக்கு என்று இடுப்பளவு சிலிண்டர் ஒன்று, கழுத்தில் திருகுசாவியோடு மூலையில் நின்றது.

மாசி பிறந்ததும் அசனுக்குப் பெரிய வேலை ஒன்று கிடைத்தது. திருக்கோஷ்டியூர் மாசித் தெப்பத்துக்கு வருகிறவர்களுக்கு ஒக்கூர் விவசாயிகள் சிலர் சேர்ந்து தண்ணீர்ப் பந்தல் போடுவதாக இருந்தார்கள். பந்தலுக்கு இரும்புச் சட்டமும், கூட்டம் வரிசையில் நிற்கக் கம்பித் தடுப்புகளும் வேண்டும். தெப்பம் தேதி தள்ளாது. அதே மாசத்தில் நோன்பும் வந்தது.

முதல் நோன்புக்கு முந்தின சாயங்காலம் அசன் பக்கத்து வீட்டுக்குப் போனான்.

"மதினி, பெரிய வேலை ஒண்ணு பிடிச்சிருக்கேன். கம்பி அறுக்குற சத்தம் அண்ணனுக்கு இடைஞ்சலா இருக்கும்ல?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. ஒங்க வேலையப் பாருங்க."

"இல்ல, நான் யோசிச்சிட்டேன். அறுக்குறது, கிரைண்டர் போடுறதெல்லாம் காலையில அண்ணன் வாசல்ல காத்தாட ஒக்காந்திருக்கையில முடிச்சிர்றேன். மத்தியானம் அவுக தூங்கட்டும். பத்தவைக்கிறது சத்தமில்லாத வேலை. அத நோம்பு தொறந்த பொறகு வச்சுக்கிறேன்."

கட்டிலிலிருந்து தங்கச்சாமி சிரித்தார். "என் தூக்கத்துக்குன்னு டைம்டேபிள் போட்டுட்டாண்டி ஒருத்தன். என் மகன்கூட இப்படிக் கேட்டதில்ல."

அதில் தனக்கும் ஒரு வசதி இருந்தது என்பதை அசன் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. மாசி வெயிலில், தொண்டையில் பச்சைத் தண்ணீர் இல்லாமல், தகரத்துக்கு அடியில் நெருப்புக்கு முன்னால் உட்காருவது எப்பேர்ப்பட்டது என்று அவனுக்குத் தெரியும். நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மக்ரிபு தொழுதுவிட்டு, ஏழு மணியிலிருந்து எட்டேகால் வரை பற்றவைத்தால் உடம்பு கேட்கும். அதற்குப் பிறகு இரவுத் தொழுகைக்கும் போய்விடலாம். இரண்டும் ஒன்றாக அமைந்ததில், நல்லதைச் செய்ததாக மட்டும் மனசு எடுத்துக்கொண்டது.

தினமும் பள்ளிவாசலிலிருந்து இரண்டு தூக்கு நோன்புக் கஞ்சி வரும். ஒன்று தங்கச்சாமிக்கு. சுடச்சுட அந்தக் கஞ்சியும் கொஞ்சம் துவையலும்தான் அவர் நாக்குக்கு ருசித்தது. சின்னத்தாயி பதிலுக்குத் தோட்டத்து வெள்ளரிப்பிஞ்சைக் கழுவித் தூக்கில் போட்டு அனுப்புவாள்.

நாலாம் நோன்பு அன்று அவள் ஒரு பழைய சேலையைச் சுற்றிச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். அசன் பார்த்துவிட்டான்.

"எங்க மதினி இதத் தூக்கிக்கிட்டு?"

"காரைக்குடிக்குத்தான் தம்பி. தீந்துபோச்சு. ரொப்பிக்கிட்டு வரணும்."

"மெஷினு இருக்குல்ல?"

அவள் தரையைப் பார்த்தாள். "சாயங்காலம் கரண்டு கொறையுது. அந்நேரம் இதத்தான் தொறந்துவிட்டுக்கிறேன்."

"நம்ம ஊரு லட்சணம் அப்படி மதினி. குடுங்க இங்குட்டு. நான் இருக்கையில நீங்க பஸ்ஸுல தூக்கிக்கிட்டு அலையிறதாவது!"

டிவிஎஸ் வண்டியின் முன்பக்கம் சிலிண்டரை நிறுத்திக் கயிறு கட்டினான். போக வர நாற்பது கிலோமீட்டர், நோன்பு வயிற்றோடு, உச்சி வெயிலில். ஏழாம் நோன்பில் ஒருதடவை, ஒன்பதாம் நோன்பில் ஒருதடவை. பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றும் முனீர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நோம்பு வச்சிக்கிட்டு பக்கத்து வீட்டுக்காரருக்கு மூச்சு சுமந்துக்கிட்டு வாராரு நம்ம அசனு. இதுக்கு மேல என்னய்யா நல்ல அமல் வேணும்?" அசன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும் அந்த வார்த்தை அன்று முழுக்க இனித்தது. தொழுகையில் நிற்கும்போதுகூட ஒருமுறை ஞாபகம் வந்தது.

பத்தாம் நோன்பு அன்று திரும்பவும் சிலிண்டரோடு போய் நின்றபோது காஸ் கடைக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பாய், நேத்துத்தான வந்தீக? அவுக வீட்ல மெஷினு இல்லையா?"

"இருக்கு. சாயங்காலம் கரண்டு கொறையுதாம்."

"கொறைஞ்சா எவ்வளவு கொறையும்? மெஷினு இருக்குற வீட்ல இந்தப் பாட்டிலு தூசி படிஞ்சு கெடக்கும் பாய். இது தண்ணிக் குடம் மாதிரி தீருது. லைன்ல என்னமோ கோளாறு. வயர்மேனக் கூட்டிக்கிட்டுப் போயிப் பாருங்க. கவனிக்காம விட்டா ஒருநா இதுவும் தீந்திருக்கும், கரண்டும் இருக்காது."

திரும்பி வரும் வழியில் அசனுக்கு ஒரே யோசனை. இன்னொரு உதவி செய்ய இடம் கிடைத்த உற்சாகமும் அதில் இருந்தது. நேராக மெய்யநாதன் வீட்டுக்கு வண்டியை விட்டான். மெய்யநாதன் லைசென்ஸ் வாங்கிய வயர்மேன். ஐம்பது வயசு. பேச்சு கொஞ்சம் முறுக்காக இருக்கும், கை சுத்தமாக இருக்கும்.

அன்று சாயங்காலம் நோன்பு திறந்ததும் மெய்யநாதன் வந்தார். ஹாஜிரா அவருக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி ஊற்றினாள்.

"வடை இல்லையா தங்கச்சி?"

"நீங்க ஏங்கண்ணே நோம்பா இருந்தீக, வடை கேக்குறீக?"

"நோம்பு இருந்தவுகளுக்குத்தான் கஞ்சி. வடை எல்லாருக்கும் பொது."

சிரித்துக்கொண்டே அவரும் அசனும் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தார்கள். சின்னத்தாயிக்கு மெய்யநாதனைக் கண்டதும் முகம் மாறியது.

"எதுக்குத் தம்பி இதெல்லாம்? தெப்பம் போகட்டும், பெறகு பாத்துக்கலாம்."

"தெப்பத்துக்கும் ஒங்க வீட்டுக் கரண்டுக்கும் என்ன மதினி சம்பந்தம்?"

அவள் சிலிண்டர் பக்கம் நகர்ந்து நின்றாள். மெய்யநாதன் மல்டிமீட்டரை ஆக்சிஜன் மெஷினுக்கான ஸ்டெபிலைசர் மேல் வைத்து, ஒயரைச் சொருகிப் பார்த்தார். "இருநூத்தி எட்டு. நல்லாத்தான இருக்கு."

"ஏழு மணிக்கு மேலதான் கொறையுமாம்" என்றான் அசன். "நீங்க பாத்துக்கிட்டே இருங்க. பந்தலுக்கு ரெண்டு கால் நிக்கிது, நான் போயிப் பத்தவச்சிட்டு ஓடியாந்துர்றேன்."

"இன்னிக்கு வேல வேணாம் தம்பி" என்றாள் சின்னத்தாயி சட்டென்று. "நோம்பு தொறந்த ஒடம்பு. செத்த ஒக்காருங்க."

"ஒக்காந்தா ஒக்கூர்க்காரவுக என்னையத் தெப்பத்துல எறக்கிருவாக மதினி."

கொல்லைக்குப் போய், பந்தல் காலைச் சாய்த்து வைத்து, முகமூடியை இறக்கினான். ஒரு ராடு முடிந்தது. இரண்டாவதை ஹோல்டரில் கவ்வ வைத்து நெருப்பு எடுத்தான். பாதியில் யாரோ பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது. முகமூடியைத் தூக்கினான். மெய்யநாதன். சிரிப்பெல்லாம் போயிருந்தது.

"பாய், அந்த ஹோல்டர இங்குட்டுக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க. முகமூடியும் குடுங்க. நீங்க போயி அண்ணன் கட்டில்கிட்ட நில்லுங்க. மீட்டரு அங்கதான் இருக்கு. நம்பரப் பாருங்க, வேற ஒண்ணும் செய்ய வேணாம். நானும் பத்தவைக்கப் படிச்சவன்தான்."

அசன் போய் நின்றான். கொஞ்ச நேரம் கழித்தே மெஷின் திரும்ப உறுமத் தொடங்கியது; சின்னத்தாயி குழாயை அதில் மாட்டினாள். தங்கச்சாமி தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தார். சின்னத்தாயி அசனைப் பார்க்கவில்லை. மீட்டரில் இருநூற்று ஏழு, இருநூற்று ஒன்பது என்று நம்பர் ஆடிக்கொண்டிருந்தது.

பின்ஜன்னலில் நீல வெளிச்சம் வெட்டியது. எதிர்ச்சுவர் முழுக்க அது விழுந்து துடித்தது. அசன் மீட்டரைப் பார்க்கத் திரும்புவதற்குள் சின்னத்தாயியின் கை சிலிண்டர் சாவிக்குப் போய்விட்டது. நூற்று எழுபது. நூற்று ஐம்பத்தாறு. நூற்று நாற்பத்தெட்டு. ஸ்டெபிலைசர் டக்கென்று கட்டாகி விழுந்தது. உறுமல் நின்றது. மெஷின் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அவள் சாவியைத் திருகினாள். குழாயை மெஷினிலிருந்து உருவிச் சிலிண்டரில் மாட்டினாள். கத்தலை நிறுத்தும் பொத்தானை முழங்கையால் அமுக்கினாள். இடது கை தங்கச்சாமியின் நெஞ்சைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது. உலையில் பொங்குகிற பானையை இறக்குகிறவள் மாதிரி, எந்தப் பதற்றமும் இல்லாமல், பார்க்காமலே எல்லாவற்றையும் செய்தாள். அதற்குள் தங்கச்சாமி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாயால் நாலைந்து மூச்சு வாங்கிவிட்டார். உதடு கறுத்துப் பிறகு தெளிந்தது.

நீல வெளிச்சம் அணைந்தது. மீட்டர் மேலே ஏறியது. மெஷின் வரவில்லை.

"கரண்டு வந்துருச்சே" என்றான் அசன்.

"மூணு நிமிசம் ஆகும் தம்பி" என்றாள் சின்னத்தாயி. "கொறைஞ்சு விழுந்தா மூணு நிமிசம் பாத்துட்டுத்தான் ஸ்டெபிலைசரு விடும்."

மூன்று நிமிசம். ஒரு ராடு முடிந்து அடுத்த ராடு மாட்டி நெருப்பு எடுக்க அசனுக்கு அரை நிமிசம்கூட ஆகாது. அப்படியென்றால் ஏழு மணியிலிருந்து எட்டேகால் வரை இந்த மெஷின் ஒருதடவைகூட எழுந்து நின்றிருக்காது. எழப்போகும் ஒவ்வொரு தடவையும் அவன் தட்டி விழவைத்திருக்கிறான்.

"எத்தன நாளா மதினி?"

"விடுங்க தம்பி."

"எத்தன நாளா?"

தங்கச்சாமிதான் சொன்னார். குழாயோடு பேசுவதால் வார்த்தைக்கு வார்த்தை நின்று வந்தது. "மொத நோம்புல இருந்து. முன்னயெல்லாம் நீ பகல்ல பத்தவைப்ப. பகல்ல கரண்டு நல்லா இருக்கும். மெஷினு முனகும், நிக்காது. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு ஊரே வெளக்கப் போடும்போது கூட ஒன்னோடதும் சேந்தா தாங்கல."

"ஏன்ணே சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்றீக?" என்றாள் சின்னத்தாயி. இப்போதுதான் அவனைப் பார்த்தாள். "அண்ணன் தூக்கம் கெடக்கூடாதுன்னு நீங்களா வந்து நின்னு மாத்துனீக. அந்த மொகத்தப் பாத்து, இதுனாலதான் இவருக்கு முட்டுதுன்னு எப்படித் தம்பி சொல்லுவேன்?"

"நாந்தான் சொல்லக்கூடாதுன்னேன்" என்றார் தங்கச்சாமி. "பத்துப் பதினஞ்சு நாளுதான, தெப்பத்தோட முடிஞ்சிரும். ஒருத்தன் தண்ணிகூடக் குடிக்காம பகலெல்லாம் கெடந்துட்டு, ரெண்டு வாய்க் கஞ்சியக் குடிச்சிட்டு வேலைக்கு ஒக்கார்றான். ஐப்பசியில இவன் தூக்கிக்கிட்டு ஓடலைன்னா எனக்கு ஏது மூச்சு? அவன் கையப் போயி நிறுத்துன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல."

அசனால் அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. அந்தச் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு எத்தனை தடவை காரைக்குடிக்குப் போனான்! வெயிலில் வண்டியை நிறுத்தி, அது சூடாகக்கூடாது என்று துண்டை நனைத்துப் போர்த்தினானே. சாயங்காலம் தானே காலி செய்ததை மறுநாள் தானே சுமந்துபோய் நிரப்பி, அதற்கு அல்லாவிடம் கூலியும் எதிர்பார்த்திருக்கிறான்.

"பாய், வெளிய வாங்க" என்று மெய்யநாதன் கூப்பிட்டார்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில், ஓட்டு விளிம்புக்குக் கீழே, ஏணி போட்டு நின்றுகொண்டிருந்தார். டார்ச் வெளிச்சத்தில் கறுப்பு டேப் உருகி வழிந்து இறுகியிருந்தது தெரிந்தது. கருகிய ரப்பர் வாடை வந்தது.

"போஸ்ட்ல இருந்து வர்ற கம்பி ஒண்ணுதான். வீட்டப் பிரிக்கையில எவனோ இங்க முறுக்கி அங்குட்டு ஒண்ணு, இங்குட்டு ஒண்ணுன்னு இழுத்திருக்கான். மீட்டர்தான் ரெண்டு. நீங்க இழுக்குறது எல்லாம் இந்த முறுக்கு வழியாத்தான் போகுது. தொடாதீக, கொதிக்குது."

"இவ்வளவு நாளா..."

"இது மட்டுமில்ல." ஏணியை விட்டு இறங்கி அசனின் வீட்டு மெயின் பெட்டிக்குப் போனார். பியூஸ் கட்டையைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இது யாரு போட்டது?"

ஹாஜிரா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தான்" என்றான் அசன்.

"பியூஸு போறது ஒங்ககூடச் சண்ட போடுறதுக்கு இல்ல பாய். போதும், இதுக்கு மேல தாங்காதுன்னு அது சொல்லுது. நீங்க அது வாயக் கட்டிட்டீக. அப்பறம் சூடு எங்க போகும்? அந்த முறுக்குக்குப் போகும். சுருட்டி ஆணியில மாட்டியிருக்கீகளே, அந்த ஒயருக்குப் போகும். தொட்டுப் பாருங்க, இட்லி வேகும். சொவருக்கு அந்தப் பக்கம் ஆக்சிஜன் ஓடுற வீடு. ஒரு பொறி விழுந்திருந்தா?"

"வீட்டுக் கரண்ட்லயே ஓடும்னு சொன்னாக."

"ஓடும். ஓடாதுன்னு நான் சொல்லல. மெயின்ல இருந்து அதுக்குன்னு தனியா தடிச்ச ஒயரு இழுக்கணும். தனி பிரேக்கர், தனி பவர் பாயிண்டு, ஒழுங்கான எர்த்து வேணும். எக்ஸ்டென்ஷன முழுசாப் பிரிச்சுப் போடணும். எல்லாத்துக்கும் முன்னாடி, இந்த வீட்டுக்கு எவ்வளவு லோடு வாங்கியிருக்கு, இது தாங்குமான்னு ஒரு வார்த்த கேக்கணும். நீங்க யாருகிட்டயும் கேக்கலையே."

கேட்டிருக்கிறாள். ஹாஜிரா கேட்டாள். அந்த நினைப்பு வந்ததும் அசன் அவள் பக்கம் திரும்பினான். "மீட்டர் வேறன்னீக" என்றாள் அவள், மெதுவாக. சொன்ன பிறகு சொல்லியிருக்கக்கூடாது என்று தோன்றியதோ என்னவோ, உள்ளே போய் ஒரு டம்ளர் டீயோடு வந்தாள். அவன் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

அன்று இரவுத் தொழுகையில் எப்போதும் நிற்கும் முன்வரிசைக்கு அவன் போகவில்லை. கடைசி வரிசையில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றான்.

மறுநாள் சாயங்காலம் கஞ்சி வாங்கத் தூக்கோடு போனபோது முனீர் வழக்கம்போல ஆரம்பித்தார். "வாங்க, ஆக்சிஜன் பாய். இன்னிக்கு எத்தன தடவ காரைக்குடி?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அசன் தூக்கைக் கீழே வைத்தான்.

"முனீரண்ணே, அப்படிச் சொல்லாதீக. அந்தச் சிலிண்டரக் காலி பண்ணுனது நாந்தான்."

"என்னய்யா சொல்றீக?"

அசன் சொன்னான். எல்லார் முன்னாலும், தூக்கைப் பார்த்துக்கொண்டே. பியூஸ் கம்பியை மாற்றிப் போட்டது, ஹாஜிரா கேட்டும் பார்க்காதது, ராத்திரிக்கு வேலையை மாற்றியதில் தன் தாகமும் சேர்ந்திருந்தது, எதையும் விடவில்லை.

முனீர் கரண்டியை அண்டாவில் சாய்த்துவிட்டு அவன் தோளைத் தொட்டார். "தெரியாமத்தான செஞ்சீக. அல்லா மன்னிக்கிறவன்."

"தெரியாமன்னு சொல்ல முடியலண்ணே. என் வீட்டு லைட்டு மங்கினத நான் தினம் பாத்தேன். பக்கத்துல போயி எட்டிப் பாக்கல. அவ்வளவுதான்."

முனீர் கரண்டியை எடுத்தார். தங்கச்சாமியின் தூக்கை வாங்கி அடியிலிருந்து கெட்டியாக அள்ளி ஊற்றினார்.

தெப்பத்துக்கு ஐந்து நாள் இருந்தது. ஒக்கூர்க்காரர்களுக்கு ஊரோரம் ஒரு பழைய அரிசி ஆலை இருந்தது. அங்கே மூன்று பேஸ் கரண்டும், தடித்த ஒயரும், ஆள் உயரப் பலகையில் பிரேக்கர்களும் இருந்தன. மெய்யநாதனே கூட வந்து பார்த்து, "இங்க பத்தவைங்க, ஆனாச் சாயங்காலம் ஆலை ஓடும். பகல்லதான் கெடைக்கும்" என்றார். "பகல்லயே செய்றேன்" என்றான் அசன்.

அடுத்த நாலு நாளும் காலை ஒன்பதிலிருந்து நாலு வரை அவன் அங்கே கிடந்தான். தகரக் கூரை அடுப்பாகக் காய்ந்தது. முகமூடிக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. எச்சில் பசையாக ஒட்டியது. பன்னிரண்டாம் நோன்பு அன்று மத்தியானம் தலை சுற்றி, ஆலைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அசன் அதை வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டு திரும்பவும் உட்கார்ந்தான். தாகம் எடுக்கும்போதெல்லாம் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த தங்கச்சாமியின் விரல்கள் ஞாபகம் வந்தன. தண்ணீர் இல்லாமல் ஒரு பகல் இருக்கலாம். அவர் எது இல்லாமல் இருந்தார்!

பந்தல் தெப்பத்துக்கு முந்தின நாள் வண்டியேறிப் போனது. நன்றாக இருக்கிறது என்று ஒக்கூர்க்காரர்கள் மாலை கொண்டுவந்தார்கள். அவன் கழுத்தை நீட்டவில்லை. வாங்கி ஹாஜிராவிடம் கொடுத்தான். அவள் அதைச் சின்னத்தாயி வீட்டுச் சாமி படத்துக்குக் கொடுத்தனுப்பினாள்.

நோன்பு முடிவதற்குள் ஈபிக்காரர்கள் வந்து அந்த முறுக்கை அறுத்து எறிந்துவிட்டு, போஸ்டிலிருந்து இரண்டு வீட்டுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தார்கள். அசன் எழுதிக் கொடுத்து லோடு கூட்டி வாங்கினான். மெய்யநாதன் மெயினிலிருந்து கொல்லைக்குத் தடித்த ஒயர் இழுத்து, பிரேக்கர் வைத்து, கரியும் உப்பும் போட்டு எர்த் குழி தோண்டினார். ஒரு காலை வேளையில் தங்கச்சாமி வீட்டில் மீட்டரை மாட்டிவைத்து அசன் ஒரே ஒரு ராடு பற்றவைத்தான். நம்பர் இரண்டு குறைந்து அப்படியே நின்றது. மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேல் அவன் நெருப்பு எடுப்பதில்லை.

பெருநாள் அன்று சாயங்காலம் ஹாஜிராவும் அவனும் சேமியா பாயசம் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். தங்கச்சாமி புதுத் துண்டு போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய், கையில் பாயச டம்ளர்.

"முந்திரி கம்மியா இருக்கே தங்கச்சி?"

"நோம்பு இருந்தவுகளுக்குத்தான் முந்திரின்னு வச்சிட்டேண்ணே."

"மெய்யநாதன்கிட்டச் சொல்லு, சண்டைக்கு வருவான்."

சிரித்ததில் அவருக்குக் கொஞ்சம் இருமல் வந்து அடங்கியது. மூலையில் சிலிண்டர் நின்றது. காரைக்குடிக்குப் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. அதன் தோளில் தூசி படிந்திருந்ததை அசன் பார்த்தான். காஸ் கடைக்காரர் சொன்னது நினைவு வந்தது. மனசு கொஞ்சம் லேசானது. பாயசத்தை வாய்க்குக் கொண்டுபோனான்.

வெளியே மழை மேகம் கூடிக்கொண்டிருந்தது. பின்ஜன்னலில் பளீரென்று ஒரு வெளிச்சம் வெட்டியது. எதிர்ச்சுவர் முழுக்க நீலமாக விழுந்து துடித்தது.

ஹாஜிராவோடு பேசிக்கொண்டிருந்த சின்னத்தாயி பாதி வார்த்தையில் எழுந்துவிட்டாள். கை சாவியில் இருந்தது. இன்னொரு கை குழாய்க்குப் போய்விட்டது.

பிறகுதான் இடி இடித்தது. மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது.

"மின்னலா..." என்று சொல்லிச் சிரித்தாள் அவள். சாவியிலிருந்து கையை எடுத்து, யாரும் பார்க்கக்கூடாதது போல முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். விரலில் தூசி ஒட்டியிருந்தது.

அசன் டம்ளரைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழை விழத் தொடங்கியது.

"பாயசம் ஆறுது தம்பி" என்றாள் சின்னத்தாயி. "குடிங்க."